ஆலங்கட்டிக்கு அஞ்சாதவர்

சாயங்காலம் ஆலங்கட்டி மழை வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தது. வீடுகளுக்கு சோலார் பேனல் விற்கும் எட்வினுக்கு அத்திபெலேயிலிருந்து போன். போன மாதம் பேனல் வாங்கிய முனிரத்தினம்.

"மாடியில பேனல் என்னாகுமோன்னு பயமா இருக்கு சார்."

"எதுக்கு சார் பயம்? ஐஸ் உருண்டையால அடிச்சு டெஸ்ட் பண்ணிதான் அனுப்பறாங்க."

"காத்தும் பலமா அடிக்குதே?"

"என்ன காத்து அடிச்சாலும் போல்ட் அசையாது. ஜோகுபாளையத்துல என் வீட்டு மாடியிலயும் இதே பேனல்தான். நான் பதறறேனா? போர்த்திக்கிட்டு நிம்மதியா தூங்குங்க."

"நீங்க சொன்னா சரி சார்."

எட்வின் திருப்தியோடு போனை வைத்தார். பன்னிரண்டு வருஷமாக இதே பேச்சைத்தான் பேசுகிறார். அதைக் கேட்டும் நம்பாதவர் இதுவரை ஒரே ஒருவர்தான்.

மனைவி மலர் படுக்கையறையிலிருந்து வந்தாள்.

"என்னங்க, ரெண்டு கட்டில்லயும் மெத்தையக் காணோம்?"

எட்வின் ஈரத்தலையைத் துவட்டிக்கொண்டே மாடிப் பக்கம் கையைக் காட்டினார்.

"பேனல் மேல விரிச்சு, கயிறு போட்டுக் கட்டிட்டேன். கல்லு விழுந்து உடைஞ்சிடுச்சுன்னா?"

மலர் வெறும் கட்டிலைத் திரும்பிப் பார்த்தாள்.

"அவரை நிம்மதியா தூங்கச் சொல்லிட்டீங்க. நாம எதுல தூங்கறது?"