இரண்டாவது ஆணி

ஆணி மறுபடியும் ஒட்டிக்கொண்டது.

விலகியிருக்க வேண்டும்.

பள்ளி வேன் வரப் பத்து நிமிடம்தான் இருந்தது. பள்ளிக் கண்காட்சி அட்டையில் பிள்ளை கொட்டை எழுத்தில் எழுதியிருந்தாள்: 'மின்காந்தம் இழுக்கும், தள்ளும்.' இழுத்தாயிற்று. தள்ளத்தான் மாட்டேன் என்கிறது.

விஷயம் எளிது. இரண்டு நீள ஆணிகள். ஒவ்வொன்றிலும் நூறு சுற்று செப்புக் கம்பி, ஒவ்வொன்றுக்கும் ஒரு பேட்டரி. ஒன்று நூலில் படுக்கையாகத் தொங்கும். மற்றது அவள் கையில். கையில் உள்ளதன் பேட்டரியைத் திருப்பிப் போட்டால் முனை மாறும். தொங்கும் ஆணி விலகி ஓட வேண்டும்.

திருப்பிப் போட்டாள்.

டக். ஒட்டியது.

"ஸாரிங்க. நான்தான் ஏதோ தப்பு பண்ணிட்டேன்."

ஒட்டிய ஆணியைப் பிரித்து மறுபடி தொங்கவிட்டேன்.

அவள் அப்பாவைக் கட்டிக்கொண்டு நான் இந்த வீட்டுக்கு வந்து எட்டு மாதம். பத்து வயதுப் பிள்ளை ஒரு நாள்கூட அடம்பிடித்ததில்லை. உப்புப் போட மறந்த சாப்பாட்டை 'நல்லா இருக்குங்க' என்று தின்றாள். என்னை எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல், எதிரில் வந்து நின்றுதான் பேசுவாள். போன வாரம் நான் கைதவறி உடைத்த டம்ளருக்கு அவள் மன்னிப்புக் கேட்டாள்.

அதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

"தங்கமான பொண்ணு, எவ்ளோ அனுசரணையா இருக்கா பாரு," என்பார் அவள் அப்பா.

அவள் இரண்டு ஆணிகளையும் வெறித்தாள். நேற்று நான் சொன்னது நினைவு வந்திருக்க வேண்டும். காந்தம் எந்த இரும்பையும் இழுக்கும். உயிரில்லாத ஆணியும் அதனோடு போய் ஒட்டும். ஒட்டுவதை வைத்து எதையும் நம்ப முடியாது. தள்ளினால்தான் இரண்டிலும் மின்சாரம் ஓடுகிறது என்று அர்த்தம்.

குண்டூசிகளை எடுத்தாள். கையிலிருந்த ஆணிக்குத் தாடி முளைத்தது. தொங்கிய ஆணியில் ஒன்றுகூட நிற்கவில்லை.

அதன் கம்பியை மூக்கால் உரசாத குறையாகப் பார்த்துக்கொண்டே போனாள். பேட்டரியைத் தொடும் நுனியில் நின்றாள்.

பார்க்க வெறும் செம்பு போலிருக்கும். ஆனால் மேலே மெல்லிய எனாமல் பூச்சு உண்டு. நுனியைச் சுரண்டாவிட்டால் மின்சாரம் உள்ளே நுழையாது.

கையிலிருக்கும் ஆணிக்குச் சுரண்டியது அவள். தொங்கும் ஆணி என் பொறுப்பு.

என்னைப் பார்த்தாள். உதட்டைக் கடித்தாள். 'ஸாரிங்க' வரப்போகிறது என்று நினைத்தேன்.

வாசலில் ஹாரன் அடித்தது.

நுனியை எடுக்கக் கையை நீட்டினேன்.

பட்டென்று தட்டிவிட்டாள்.

"தொடாதீங்க சித்தி! நீங்க சுரண்டவே இல்ல! எல்லாம் உங்களாலதான், தள்ளுங்க!"

முழங்கையால் இடித்தாள். விலா வலித்தது.

உப்புத்தாளைக் கொடுத்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு சுரண்டினாள், பேட்டரியில் வைத்தாள். தொங்கிய ஆணி துள்ளி விலகியது. எல்லாவற்றையும் அட்டைப்பெட்டியில் வாரிப் போட்டுக்கொண்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் ஓடினாள்.

வேன் தெருமுனையில் திரும்பும்வரை விலாவைத் தடவியபடி நின்றேன்.

பன்னிரண்டு வருடமாக மோட்டாருக்குச் செப்புக் கம்பி சுற்றி, காயில் கட்டிப் பிழைக்கிறேன். நுனி சுரண்ட ஒரு தடவைகூட மறந்ததில்லை.