அவளோடு வளர்ந்த அறை

விவாகரத்துக்குப் பிறகு மகள் இதழினி அம்மாவோடு மெல்போர்னுக்குப் போய்விட்டாள். கோவை ஃப்ளாட்டில் அவளுடைய அறை மட்டும் பொழிலனிடம் தங்கியது. அங்கே அவள் வளர வளர, இங்கே கட்டில் தானாக நீண்டது, மேசை உயர்ந்தது, சுவரிலிருந்த யானைகள் மறைந்து கடல் வந்தது. தினமும் காலையில் அறையைப் பார்த்துவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்புவார். அறையே எல்லாம் சொல்லிவிடுவதால், போனில் அவளிடம் கேட்க அவருக்கு எதுவும் மிச்சமிருக்காது.

பதினான்கு வயதில் விடுமுறைக்கு வந்தாள். அறை அவளுக்குக் கச்சிதமாக இருந்தது. பொழிலன் ஏலக்காய் போட்ட பாலை நீட்டினார்.

"பால் எனக்கு ஒத்துக்காதுப்பா. குடிச்சு ரெண்டு வருஷமாச்சு."

"சொல்லவே இல்லையேம்மா."

"நீங்க கேட்கவே இல்லையேப்பா," என்றாள், கோபமில்லாமல்.

அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். எதிலிருந்து கேட்க ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.