பீட்ரூட் பொய் சொல்லாது

"பாதி அல்வாவைக் காணோம்!"

அடுப்படியிலிருந்து மருமகள் போட்ட கூச்சலில், தொட்டிலில் தூங்கிய குழந்தையே திடுக்கிட்டுக் கையை உதறியது.

காலையிலிருந்து அவள் பட்ட பாடு கொஞ்சமா நஞ்சமா? கிலோக் கணக்கில் பீட்ரூட்டைத் தோல் சீவி, துருவி, நெய்யில் வதக்கி, பால் விட்டு, அது சுண்டுகிற வரை கிளறு கிளறென்று கிளறி, தோள்பட்டை கழன்று விழாத குறை. போதாததற்கு மாமியாரின் வர்ணனை வேறு.

"துருவறியா, மரம் அறுக்கறியா?"

"அடி பிடிக்கப் போகுது பாரு!"

"சுவத்துக்கு ஏம்மா சாயம் பூசறே? சட்டிக்குள்ள கிளறு!"

மாமியாருக்கு வாய் ஓயாது. தூக்கத்தில்கூட யாருக்காவது யோசனை சொல்லிக்கொண்டிருப்பாள்.

இத்தனையும் எதற்காக? 'எங்கண்ணி வெந்நீர் வைக்கிறதுக்கே பக்கத்து வீட்டுல கேட்டுட்டு வருவாங்க' என்று போகிற இடமெல்லாம் சொல்லிச் சிரிக்கிற நாத்தனார் இன்று வருகிறாள். அவள் ஒரு வாய் தின்ன வேண்டும், அத்தோடு அந்த வாய் அடைத்துப்போக வேண்டும். அதற்காகத்தான்.

வந்தே விட்டாள். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்தாள். "காணாமப் போச்சா அண்ணி? இல்ல, பண்ணினதே பாதிதானா?"

மருமகளுக்குச் சுருக்கென்றது. தான் குளிக்கப் போன நேரத்தில்தான் யாரோ கைவரிசையைக் காட்டியிருக்க வேண்டும். வீட்டில் இருந்தது மூன்றே பேர். புருஷன், மாமியார், பேரனைப் பார்க்க நேற்று வந்திறங்கிய அவள் அப்பா.

யோசித்துக்கொண்டே தன் கையைப் பார்த்தாள். மணிக்கட்டு வரை செக்கச்செவேல். எத்தனை சோப்புப் போட்டும் போகவில்லை. சட்டென்று அவள் கண் மின்னியது.

"பீட்ரூட் பொய் சொல்லாது! எல்லாரும் வரிசையா வந்து நாக்கை நீட்டுங்க!"

"இதென்ன வீடா, ஆஸ்பத்திரியா?" என்றாள் மாமியார். "போனது போகட்டும். இருக்கறதைத் தின்னுட்டு அவங்கவங்க வேலையைப் பாருங்க."

ஆகா! மாமியார் ஏன் இப்படிப் பூசி மெழுகுகிறாள்? மருமகளுக்கு மூக்கு வியர்த்தது.

நாத்தனாருக்கோ கொண்டாட்டம். செல்போன் டார்ச்சை அடித்துக்கொண்டு முன்னால் வந்து நின்றாள்.

"அண்ணா, முதல்ல நீ. ஆ காட்டு."

"ஏய், இந்த வீட்டுக்குச் சம்பாதிச்சுப் போடறவன் நான்!"

"உன் நாக்கா சம்பாதிக்குது? நீட்டு!"

நீட்டினான். வெறும் டீக்கறை. விடுதலை.

"அடுத்தது மாமா, நீங்க!" டார்ச் சோபா பக்கம் திரும்பியது.

மருமகளின் அப்பா பேப்பரை முகத்துக்கு நேரே பிடித்தபடி, "ம்?" என்றார்.

"ஐயோ, எங்கப்பாவையா? சம்பந்தி வீட்டுல ரெண்டாம் தரம் சோறு போட்டுக்கவே வெட்கப்படற மனுஷன்!" மருமகள் சிரித்தாள்.

"எல்லாரும்னு நீங்கதானே சொன்னீங்க அண்ணி? மாமாவுக்கு மட்டும் தனிச் சட்டமா?"

"அதுவும் சரிதான். அப்பா, சும்மா ஒரு தடவை நீட்டிடுங்கப்பா!" அவளே போய்ப் பேப்பரைப் பிடித்து இழுத்தாள். அவர் விடவில்லை.

அந்த நேரம் பார்த்து மாமியார் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். அடுப்படியைப் பார்த்து ஓட்டமும் நடையுமாகக் கிளம்பினாள்.

"அம்மா, நில்லு! எங்கே ஓடறே?"

பதில் இல்லை. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாத மாமியாரை அந்த வீடு அதுவரை கண்டதில்லை.

"அகப்பட்டாச்சு! அகப்பட்டாச்சு!" நாத்தனார் குதித்தாள்.

"காலையெல்லாம் குறை சொன்னது, நாம யாரும் கிட்ட வந்துடக் கூடாதுன்னுதானா?" புருஷன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

மருமகளுக்குத் தலைகால் புரியவில்லை. இது ஒன்று போதும், இனி வருஷம் முழுக்கச் சொல்லிச் சொல்லிக் காட்டலாம். "எல்லாரும் இங்கேயே இருங்க, நான் போய் இழுத்துட்டு வரேன்!" என்று துள்ளிக்கொண்டு அடுப்படிக்குள் நுழைந்தாள்.

"என்ன அத்தை, ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானே தட்டுல வச்சு நீட்டியிருப்பேனே! எங்கே, ஆ காட்டுங்க."

மாமியார் கதவை ஒருக்களித்துச் சாத்தினாள். தலைப்பை விலக்கி, நாக்கை நீட்டினாள்.

வெள்ளைவெளேரென்று இருந்தது.

மருமகளின் சிரிப்பு பாதியில் நின்றது. "அப்போ... அல்வா?"

"மெதுவாப் பேசு. உங்கப்பாதான். தண்ணி எடுக்க வந்தேன், பார்த்துட்டேன். 'எம்பொண்ணு பண்ணினது, எம்பொண்ணு பண்ணினது'ன்னு தனக்குத்தானே சொல்லிக்கிட்டு, நின்ன வாக்குலயே அள்ளி அள்ளித் தின்னுக்கிட்டிருந்தார். காலடிச் சத்தம் கேட்காம திரும்பிட்டேன்."

மருமகள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "நானே போய் அவர் பேப்பரைப் பிடிச்சு இழுத்தேனே அத்தை... எல்லாருக்கும் முன்னால..."

"அழறதுக்கு இப்ப நேரமில்ல. கரண்டி நிறைய அல்வா எடுத்து என் வாயில போடு. வெளியில உன் நாத்தனா டார்ச்சோட நிக்கறா. என் நாக்கு சிவக்க வேணாமா?"