மணலில் படுத்திருப்பவர்

கோட்டையின் மண்மதிலுக்குப் பின்னால் இருக்கிற புதைமேட்டைத் தோண்டி முடித்தாயிற்று. எலும்பு ஒன்றுகூட இல்லை. ஆயிரம் வருஷத்தில் மணல் எல்லாவற்றையும் தின்றுவிட்டு, மல்லாந்து படுத்த ஓர் ஆளின் வடிவில் பழுப்புக் கறையை மட்டும் விட்டுவைத்திருக்கிறது. ஈரம் இருக்கும்வரைதான் அதுவும் கண்ணுக்குத் தெரியும். காலையிலிருந்து ஹல்ஷ்கா குழிக்குள் முழங்காலிட்டுத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருக்கிறாள். ஆகஸ்ட் வெயில் தெளிக்கத் தெளிக்க உறிஞ்சிவிடுகிறது. பைன் மரங்களுக்கு மேலே ஒரு மேகம்கூட இல்லை. "இந்த வெயில்ல எடுத்தா ஒரு மண்ணும் தெரியாது. எல்லாரும் வந்து வரிசையா நின்னு நிழல் குடுங்கப்பா," என்று அலுத்துக்கொள்கிறான் படமெடுக்கும் பொகுஷ். அகழாய்வுக் குழுவினர் மண்வெட்டிகளைப் போட்டுவிட்டுக் குழியோரம் தோளோடு தோள் ஒட்டி நிற்கிறார்கள். எல்லோருடைய நிழலும் ஒன்றாகி அந்த ஆள்மேல் விழுகிறது. "செத்த அன்னிக்குக்கூட இவருக்கு இவ்ளோ கூட்டம் வந்திருக்காது," என்கிறான் தாடிக்கார ஸெனெக். சிரிக்க யாருக்கும் தெம்பில்லை. கேமரா சொடுக்குகிறது. "முடிஞ்சுது. சுரண்டி எடுத்துரு ஹல்ஷ்கா, அடியில என்ன இருக்குன்னு பாக்கணும்," என்கிறான் பொகுஷ். அவள் கொத்துக்கரண்டியை எடுக்கிறாள், கீழே வைக்கிறாள். புட்டியில் மிச்சமிருக்கும் தண்ணீரை, முகம் இருந்த இடத்தில் மெல்லத் தெளிக்கிறாள். வரிசையில் நிற்கும் ஒருவரும் நகரவில்லை.