பத்திலிருந்து கீழே

பத்திலிருந்து ஒன்று வரை தலைகீழாக எண்ணச் சொன்னது கைபேசிச் செயலி. நெல் மண்டியை விட்டுவிட்டு வீட்டோடு இருக்கும் அப்பாவுக்கு மறதி நோயோ என்று பூங்குழலிக்குப் பயம். அப்பா தடுமாறாமல் இறங்கி வந்தார். "மூணு, ரெண்டு, லாபம்." திரையில் சிவப்புக் குறி விழுந்தது. மறுபடி சொல்லச் சொன்னாள், மறுபடியும் லாபம்.

அடுக்களையில் அம்மா சிரித்தாள். "கிறுக்குப் பிள்ள! நெல்லு அளக்கையில முதல் மரக்கால யாருடி ஒண்ணும்பாங்க? லாபம்னுதான சொல்லுவாங்க. ஆயுசுக்கும் அப்படி எண்ணுன வாயி."

பூங்குழலிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. செயலி இன்னும் 'ஒன்று'க்காகக் காத்திருந்தது.

உள்ளே அம்மா உலைக்கு அரிசி அளந்தாள். "லாபம், ரெண்டு..."

"மூணாப் போடு," என்றார் அப்பா. "மக வந்திருக்கால்ல."