மறுபாதி

பாதி முகத்தைச் செய்தால் போதும், மிரர் போட்டால் மறுபாதி தானாக வந்துவிடும். டிசைன் கல்லூரியில் எனக்கு முதலில் சொல்லிக்கொடுத்தது இதைத்தான். செமஸ்டர் ப்ராஜெக்ட்டுக்கு அம்மாவின் முகத்தை எடுத்துக்கொண்டேன். மூன்று வாரம் கம்ப்யூட்டரில் இழைத்து, இடது பாதியை முடித்து மிரர் போட்டேன். கண் சிமிட்டுவதற்கு அனிமேஷனும் வைத்தேன். தழும்பே இல்லாத ஒரு பெண் திரையில் சிமிட்டினாள். “நல்ல ப்ரோக்ரஸ்மா” என்றார் சார்.

வீட்டில் காட்டினேன். வலது கன்னத்தைச் சேலைத் தலைப்பால் மூடியபடி அம்மா வெகுநேரம் பார்த்தாள். பம்ப் ஸ்டவ் வெடித்துவிட்டது என்றுதான் பதினெட்டு வருடமாக எல்லோரிடமும் சொல்கிறாள். எங்கள் வீட்டில் பம்ப் ஸ்டவ் இருந்ததே இல்லை.

“இந்தப் பக்கத்த ஏன்டி விட்டுட்ட?” என்றவள், தலைப்பை இறக்கி, வலது கன்னத்தை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினாள். “இத வச்சுப் பண்ணு.”

நான்கு நாள் அப்படியே உட்கார்ந்தாள். சுருங்கிய இமை, இழுபட்ட உதட்டோரம், கழுத்துவரை வழிந்து உறைந்த தோல் எல்லாவற்றையும் செய்தேன். மிரர் போட்டதும், இரண்டு பக்கமும் வெந்த முகம் எங்களைப் பார்த்துச் சிமிட்டியது.

அந்த நேரம் பார்த்து அப்பா உள்ளே வந்தார். திரையைக் கண்டதும் ஓர் அடி பின்வாங்கினார்.

“கருமம்! யாரு பண்ணது இது?”

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா என் கையை அழுத்தினாள். தலைப்பைத் தேடாமல், முழு முகத்தோடு அவர் பக்கம் திரும்பினாள்.

“நீங்களே சொல்லுங்க” என்றாள்.