இரண்டு பேர் ஆடும் விளையாட்டு

"புது லேப்டாப்ல அந்தக் காலத்து கேம் ஓடாதுக்கா. வேற நல்லதா ஒண்ணு போட்டுத் தரேன்" என்றான் ஜாய்சன்.

"உன் மாமாவும் நானும் காலேஜ்ல ஆடினது அதுதான். எப்படியாவது ஓட வைடா" என்றாள் எப்சி.

முடிச்சூர் வீட்டில் அரை நாள் மல்லாடி அவன் அதை ஓட வைத்தான். திரையில் விண்கலத்துக்குள் ரோபோக்கள் பாய்ந்து வந்தன. எப்சியும் கணவன் ஜோனத்தானும் ஒரே கீபோர்டைப் பகிர்ந்துகொண்டு சுட்டார்கள்.

திடீரென்று ஜோனத்தான் கத்தினான்: "எப்சி, பின்னாடி ஒருத்தன் வர்றான், திரும்பு!"

எப்சியின் விரல்கள் நின்றுவிட்டன. ஜாய்சன் அக்காவின் தோளைப் பற்றிக்கொண்டான்.

பைக் விபத்தில் தலையில் அடிபட்டதிலிருந்து, மனைவியை ஆஸ்பத்திரி நர்ஸ் என்று நினைத்து "சிஸ்டர்" என்றே கூப்பிட்டு வந்தவன் ஜோனத்தான்.

"சுடாம ஏன் அழறே?"

"அது கிடக்கட்டும். இன்னொரு தடவை பேர் சொல்லிக் கூப்பிடுங்க" என்றாள் எப்சி.